ஊருக்கெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனை: புராஸ்டேட் புற்றுநோய்ச் சோதனையின் லாப நஷ்டக் கணக்கு

ஆஸ்திரியாவின் மேற்குப் பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது டிரோல் மாநிலம். தலைநகர் இன்ஸ்ப்ரூக். 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். இந்த மாநிலம் 1993-ல் ஒரு புதிய காரியத்தைச் செய்தது. 45 வயது முதல் 75 வயது வரை உள்ள எந்த ஆணும் ஒரு பைசா செலவில்லாமல் பி.எஸ்.ஏ என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வயதுள்ள ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது ரத்தம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு குப்பி ரத்தத்தில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? "வருமுன் காப்போம்" என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் லாப நஷ்டம் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் மருத்துவ உலகம் இந்த ஒரு பரிசோதனையைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறது.

உறங்கும் நோய்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற இது பெருத்துக்கொண்டே போகும். பெரும்பாலும் அது சாதாரண வீக்கம். சிலருக்குப் புற்றுநோய்.

இந்தப் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆர்னால்டு ரிச் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், வேறு காரணங்களால் இறந்த 50 வயதைத் தாண்டிய ஆண்களின் உடல்களைப் பரிசோதித்தார். அவர்களில் சுமார் 14 சதவீதம் பேரின் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தது. உயிரோடு இருந்தவரை அதனால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 1954-ல் லண்டனில் ஃபிராங்க்ஸ் என்பவர் இன்னும் நுணுக்கமாகத் தேடியபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் கண்டார். தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஆக, இந்த நோயோடு இறப்பவர்கள் ஏராளம். இந்த நோயால் இறப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த பேருக்கு நேர்வது சாதாரணச் சாவு அல்ல. நோய் எலும்புகளுக்குப் பரவி, முதுகுத் தண்டை அழுத்தி, வலியோடு வரும் சாவு. யார் முதல் வகை, யார் இரண்டாம் வகை என்று எப்படிப் பிரிப்பது? பின்னால் வந்த சண்டைகள் அத்தனைக்கும் வேர் இந்த ஒரு கேள்விதான்.

பி.எஸ்.ஏ வந்த கதை

1938-ல் நியூயார்க்கில் கட்மன் தம்பதியர், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தில் அமில பாஸ்ஃபடேஸ் என்ற நொதி கூடுவதைக் கண்டார்கள். ரத்தத்தை வைத்தே இந்த நோயைத் தொடரலாம் என்ற எண்ணம் அப்போதே பிறந்தது. ஆனால் அந்த நொதி கூடும் நேரத்தில் நோய் கைமீறிப் போயிருக்கும். 1941-ல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இதனால் நோயாளிக்கு நிவாரணம் கிடைத்தது, முழு குணம் கிடைக்கவில்லை.

1970-ல் ரிச்சர்டு ஆப்லினும் அவருடன் பணிபுரிந்தவர்களும் புராஸ்டேட் திசுவுக்கே உரிய ஆன்டிஜன் பற்றி எழுதினார்கள். 1971-ல் ஜப்பானில் ஹாரா குழுவினர் விந்து நீரில் இதே போன்ற ஒரு புரதத்தைக் கண்டார்கள். அவர்களுடைய நோக்கம் தடயவியல்! 1979-ல் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் மிங் வாங், மிங் சூ குழுவினர் இந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி.எஸ்.ஏ.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: பி.எஸ்.ஏ புற்றுநோயின் பொருள் அல்ல, புராஸ்டேட்டின் பொருள். சுரப்பி சாதாரணமாகப் பெருத்தாலும், அதில் கிருமித் தொற்று வந்தாலும் ரத்தத்தில் இதன் அளவு கூடும். அதனால்தான் 1986-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தபோது, ஏற்கனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களைக் கண்காணிக்க மட்டுமே தந்தது.

ஆனால் கையில் கிடைத்த கருவி சும்மா இருக்குமா? 1991-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வில்லியம் கேடலோனா 1,653 ஆண்களைச் சோதித்து, நோய் அறிகுறி இல்லாதவர்களிடமும் இது பயன்படும் என்று காட்டினார். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராமுக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்ற வரம்பு பரவலானது. 1994-ல் புற்றுநோயைக் கண்டறிய உதவும் சோதனையாகவும் அனுமதி கிடைத்தது.

அலை எழுந்தது

அனுமதிக்கு முன்பே அலை எழுந்துவிட்டது. 1989-லேயே அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் விழிப்புணர்வு வாரம் தொடங்கி இலவசச் சோதனை முகாம்கள் நடந்தன. செனட்டர் பாப் டோல் 1991-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மற்ற ஆண்களையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். வளைகுடாப் போரின் தளபதி ஷ்வார்ஸ்காஃப், இன்டெல் நிறுவனத்தின் ஆண்டி குரோவ் என்று பிரபலங்கள் தங்கள் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். 1999-ல் அமெரிக்கத் தபால் துறை, ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லித் தபால் தலையே வெளியிட்டது!

இன்னொரு காரணமும் உண்டு. 1982-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், ஆண்மைக்குத் தேவையான நரம்புகளைக் காப்பாற்றியபடி புராஸ்டேட்டை அகற்றும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் மருத்துவர்களே தயங்கிய அறுவை சிகிச்சை இப்போது பரவலானது. கண்டுபிடிக்க ஒரு வழி, வெட்டியெடுக்க ஒரு வழி என இரண்டும் ஒரே காலத்தில் கைகோத்தன.

விளைவு? 1986-க்கும் 1992-க்கும் இடையே அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்பட்ட புராஸ்டேட் புற்றுநோய் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆறே ஆண்டுகளில் ஒரு நாட்டின் ஆண்களுக்கு இரு மடங்கு புற்றுநோய் வந்துவிடாது. முன்பே இருந்ததை இப்போது தோண்டி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

கண்ணைக் கட்டும் கணக்கு

2007-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற ரூடி ஜூலியானி, தனக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி ஒரு விளம்பரத்தில் பேசினார். பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் வெறும் 44 சதவீதம் என்றார். கேட்டவுடன் இங்கிலாந்து மருத்துவம் மோசம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் இரு நாடுகளிலும் மக்கள்தொகை விகிதப்படி புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட சமம்!

இது எப்படி? ஒருவர் 75 வயதில் இந்த நோயால் இறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்து 72 வயதில் கண்டுபிடித்தால் அவர் மூன்று ஆண்டு உயிர் வாழ்ந்ததாகக் கணக்கு. ரத்தப் பரிசோதனையில் 64 வயதிலேயே கண்டுபிடித்தால் பதினோரு ஆண்டு வாழ்ந்ததாகக் கணக்கு. முதல் கணக்கில் அவர் ஐந்தாண்டுத் தேர்வில் தோல்வி, இரண்டாவதில் வெற்றி. ஆனால் இறந்தது அதே 75-ல்தான். கூடியது ஆயுள் அல்ல, நோயாளி என்ற பட்டத்தோடு வாழ்ந்த காலம்தான். இதோடு, ஒருபோதும் கொல்லாத கட்டிகளையும் சேர்த்து எண்ணினால் "பிழைத்தவர்கள்" எண்ணிக்கை இன்னும் உயரும்.

அதனால் சோதனையின் பலனை அறிய ஒரே வழி, ஒரு பெருங்கூட்டத்தைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அழைத்து, மறுபாதியை அழைக்காமல் விட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சாவுகளை எண்ணுவது.

டிரோலின் சிக்கல் இங்கேதான். அங்கே இறப்பு உண்மையிலேயே குறைந்தது. 2005-ல் டிரோலில் எதிர்பார்த்ததைவிட 54 சதவீதம் குறைவு, ஆஸ்திரியா முழுவதும் 29 சதவீதம் குறைவு என்று இன்ஸ்ப்ரூக்கின் கேயார்க் பார்ட்ஷ் குழுவினர் 2008-ல் எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் கூட்டம் அங்கே இல்லை. மெதுவாக வளரும் இந்த நோயில் சோதனையின் பலன் தெரியப் பத்தாண்டுகளாவது ஆகும். டிரோலிலோ சில ஆண்டுகளிலேயே இறப்பு குறையத் தொடங்கியது. நல்ல அறுவை சிகிச்சை, நல்ல மருந்து, நல்ல கவனிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததுகூடக் காரணமாக இருக்கலாம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அதற்கு மறுக்க முடியாத பதிலைத் தர டிரோலால் முடியவில்லை.

ஒரே நாள், இரண்டு பதில்கள்

2009 மார்ச் மாதம் ஒரே மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் சுமார் 76,700 ஆண்களை வைத்து நடந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 50, அழைக்கப்படாதவர்களில் 44. பலன் எதுவும் இல்லை! இன்னொன்று ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 55 முதல் 69 வயதுள்ள சுமார் 1,62,000 ஆண்களை வைத்து நடந்தது. அதில் இறப்பு 20 சதவீதம் குறைந்தது.

அமெரிக்க ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அழைக்கப்படாத கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் சொந்த மருத்துவரிடம் போய் அதே பரிசோதனையைச் செய்துகொண்டார்கள். ஒரு முறையாவது செய்துகொண்டவர்களைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 90 சதவீதம் என்று 2016-ல் வெளிவந்த மறுஆய்வு சொன்னது. அலை எழுந்த பிறகு நனையாத ஆளைத் தேடினால் எங்கே கிடைப்பார்?

ஐரோப்பிய ஆய்வு பலனைக் காட்டியது, விலையையும் காட்டியது. ஒருவரின் சாவைத் தடுக்க 1,410 பேரைச் சோதனைக்கு அழைக்க வேண்டும், கூடுதலாக 48 பேருக்குப் புற்றுநோய் சிகிச்சை தர வேண்டும். பி.எஸ்.ஏ கூடியதால் ஊசி போட்டுத் திசு எடுக்கப்பட்டவர்களில் நான்கில் மூவருக்குப் புற்றுநோயே இல்லை.

எதிர்ப்பு வலுத்தது. 2010-ல் ரிச்சர்டு ஆப்லினே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், இந்தச் சோதனை மக்கள்மீது திணிக்கப்பட்டு ஒரு பொதுநலச் சீரழிவாகிவிட்டது என்ற பொருளில் எழுதினார். இதற்கு ஆண்டுக்குக் குறைந்தது 300 கோடி டாலர் செலவாகிறது என்றும் சுட்டிக்காட்டினார். 1986 முதல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தேவைக்கு மேல் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றார்கள் என்று 2009-ல் வெல்ச், ஆல்பர்ட்சன் ஆகிய இரு மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். 2012-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, எந்த வயது ஆணுக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

நஷ்டப் பக்கம் எழுதியிருப்பது என்ன?

இங்கே நஷ்டம் என்றால் பணம் மட்டும் அல்ல. புராஸ்டேட்டை அகற்றினால் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், ஆண்மைக் குறைவு வரலாம். கதிர்வீச்சு கொடுத்தால் குடலில் தொல்லை வரலாம். இங்கிலாந்தில் நடந்த புரொடெக்ட் என்ற ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் 17 சதவீதம் பேருக்கு அதே நிலை. அந்தரங்கமான கஷ்டம் என்பதால் பலர் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை.

அதே ஆய்வு 2023-ல் பதினைந்து ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, உடனே சிகிச்சை தராமல் கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்ட 1,643 பேரில் இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தம் 2.7 சதவீதம்தான். மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் வேறிடத்துக்குப் பரவியது 9.4 சதவீதம், மற்ற இரு பிரிவுகளில் 5 சதவீதத்தை ஒட்டி. ஆக, காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

நெதர்லாந்தின் ஹெய்ன்ஸ்டைக் குழுவினர் 2012-ல் லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார்கள். 1,000 ஆண்களை 55 வயதிலிருந்து 69 வரை ஆண்டுதோறும் சோதித்தால் அவர்கள் ஆயுட்காலத்தில் 9 சாவுகள் தவிர்க்கப்படும், 73 ஆயுள் ஆண்டுகள் கிடைக்கும். பக்க விளைவுகளோடு வாழும் கஷ்டத்தைக் கழித்தால் மிஞ்சுவது 56 ஆண்டுகள். இதிலும் ஒரு கொக்கி உண்டு. பக்க விளைவுகளை மக்கள் எவ்வளவு கஷ்டமாக நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த 56 என்பது 97 ஆகவும் உயரலாம், பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகலாம். அதாவது விடை மருத்துவத்தில் மட்டும் இல்லை. சிகிச்சை பெறும் மனிதன் எதை அதிகம் மதிக்கிறான் என்பதிலும் இருக்கிறது.

ஊசல் திரும்புகிறது

2012 பரிந்துரைக்குப் பிறகு அமெரிக்காவில் சோதனை குறைந்தது. 2014-க்குப் பிறகு நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடத் தொடங்கினார்கள். 2018-ல் அதே பணிக்குழு தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசித் தாங்களே முடிவு செய்யலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது.

ஐரோப்பிய ஆய்வும் காத்திருக்கக் காத்திருக்க மாறியது. 2025-ல் வந்த 23 ஆண்டுக் கணக்கின்படி ஒரு சாவைத் தடுக்க அழைக்க வேண்டியவர்கள் 1,410 அல்ல, 456. கூடுதலாகக் கண்டறியப்படுபவர்கள் 48 அல்ல, 12. எளிதாகச் சொன்னால் இப்படி: அழைக்கப்படாத 1,000 பேரில் 16 பேர் இந்த நோயால் இறந்தார்கள், அழைக்கப்பட்ட 1,000 பேரில் 14 பேர். இரண்டு உயிர்கள் மிச்சம். அதற்கு ஈடாகச் சுமார் 26 பேர் கூடுதலாகப் புற்றுநோயாளி ஆனார்கள். அந்த 14 பேரைச் சோதனைக்கான அழைப்பாலும் காப்பாற்ற முடியவில்லை.

இதற்கிடையே நஷ்டத்தைக் குறைக்கும் வழிகளும் வந்தன. கனடாவின் டொரான்டோவில் லாரன்ஸ் கிளாட்ஸ் 1995-லேயே, ஆபத்துக் குறைந்த கட்டிகளை வெட்டாமல் தொடர்ந்து கண்காணிக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். முதலில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஸ்வீடனில் 2014 வாக்கில் மிகக் குறைந்த ஆபத்துள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கண்காணிப்பில்தான் இருந்தார்கள். பி.எஸ்.ஏ கூடியதுமே ஊசி போடாமல் முதலில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்து, சந்தேகமான இடத்தில் மட்டும் திசு எடுக்கும் முறையும் வந்தது. இதனால் தேவையற்ற கண்டுபிடிப்புகள் பாதியாகக் குறைந்தன என்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது.

இங்கே ஸ்வீடன் செய்தது கவனிக்கத்தக்கது. 2018-ல் நாடு தழுவிய சோதனை வேண்டாம் என்று அந்நாட்டு அரசு அமைப்பு முடிவெடுத்தது. ஆனால் மக்கள் எப்படியும் தனித்தனியாகப் போய்ச் சோதித்துக்கொள்கிறார்கள். அதுவும் பலன் குறைந்த முதிய வயதில் அதிகமாக. எனவே 2020 முதல் சில மாகாணங்களில், சரியான வயதினருக்கு முறையான தகவலோடு கடிதம் அனுப்பி, எம்.ஆர்.ஐ வசதியோடு ஒழுங்குபடுத்தப்பட்ட சோதனை தொடங்கியது. கட்டாயம் இல்லை, கண்மூடித்தனமும் இல்லை.

இந்தியாவில் 2016-ல் வகுக்கப்பட்ட பொதுச் சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றன, புராஸ்டேட் இல்லை. அதே சமயம் தனியார் ஆய்வகங்களின் "மாஸ்டர் செக்-அப்" பட்டியல்களில் ஆண்களுக்கான பி.எஸ்.ஏ சர்வ சாதாரணமாக இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்ற வரிசையில் அதுவும் ஒரு எண்ணாக வந்து நிற்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு இருப்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் நல்ல சோதனைத் திட்டத்துக்குப் பத்து விதிகளை எழுதினார்கள். நோய் எப்படி வளர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும், யாருக்குச் சிகிச்சை தருவது என்பதில் தெளிவு வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. பி.எஸ்.ஏ அலை எழுந்தபோது இந்த இரண்டுமே கையில் இல்லை. மருத்துவம் அந்த விடைகளை, சிகிச்சை பெற்ற லட்சக்கணக்கான ஆண்களின் உடல்களில்தான் கற்றுக்கொண்டது.

இந்த வழக்கு லேசில் முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. சோதனையால் உண்மையிலேயே உயிர் பிழைத்தவர், "இந்தச் சோதனைதான் என்னைக் காப்பாற்றியது" என்பார். ஒருபோதும் கொல்லாத கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பேட் வைத்தபடி எஞ்சிய காலத்தைக் கழிப்பவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். இருவரில் யார் எவர் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களுடைய மருத்துவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிய ஏட்டில் மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியும்.